நாகமணி சாப்பிட்ட கடைகள்

விமானத்தில் வந்த களைப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ, லோஜினி நாற்காலிகளை மடித்து மடித்துச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தாள். கொழும்பு பொரளையில் சவம் வைக்கும் அந்த மலர்ச்சாலைக் கூடத்துக்கு இத்தனை நாற்காலி போடச் சொன்னது யார்? ஆளில்லாத வரிசைகள் அவள் கண்ணை உறுத்தின. நடுவில் அவள் அம்மா நாகமணி, கத்தரிப்பூ நிறச் சேலையில், மூக்கை ஒரு பக்கம் சுளித்தபடி கிடந்தாள். உயிர் போன பிறகும் எதையோ குறை பிடிக்கிற முகம்தான்.

"அக்கா, அதை ஏன் மடிக்கிறியள்? விடுங்கோ" என்றான் பெரியதம்பி.

வெள்ளவத்தையில் அம்மா மூன்று வருஷமாகத் தங்கியிருந்த லொட்ஜின் மனேஜர் அவன். ஊர் முறையில் அம்மாவுக்கு மருமகன். நெஞ்சு நோகுது என்று அம்மா சொன்னபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். கொள்ளி வைக்கப் போகிறவனும் அவன்தான். லோஜினியின் ஒரே தம்பி சுவிஸில் அகதி வழக்கு முடியாமல் இருக்கிறான். அங்கிருந்து அசைய முடியாது.

"இதில ஆர் வந்து இருக்கப் போகினம்?" என்று கேட்டாள் லோஜினி.

"வருவினம் அக்கா. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியட்டும்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "நல்ல சனம்! வயிறு முட்டத் திண்டிட்டு, ஏவறையும் விட்டிட்டுத்தான் செத்தவீட்டுக்கு வருவினமோ?"

பெரியதம்பி பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலிலிருந்து சவ வண்டிக்காரன் கூப்பிட, அவன் ஓடிவிட்டான்.

கூடத்தில் இருந்த ஒரே சொந்தம் கமலாசனிச் சித்தி. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, கொள்ளுப்பிட்டியில் வீடு. கைக்குட்டையால் விசிறிக்கொண்டு சொன்னாள்: "நான் அப்பவே உனக்குக் கனடாவுக்குப் போன் எடுத்துச் சொன்னனான் பிள்ளை. வயசு போன மனுசி, கொழும்பில கடைகடையா ஏறி இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டு திரியுறா எண்டு. எங்களுக்கெல்லோ வெக்கம்."

அந்தப் போன் வந்த நாளை லோஜினி மறக்கவில்லை. அம்மா ஊரில் கடைத் தேத்தண்ணீர்கூடத் தொடாதவள். கலியாணவீட்டுக்குப் போனாலும் வீட்டுக்கு வந்து ஒருவாய் பழஞ்சோறு தின்றால்தான் அவளுக்குத் திருப்தி. யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அவளும் பெயர்ந்து, வன்னியில் அலைந்து, எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். கனடா விசாவுக்காகக் காத்திருந்தாள். விசா இன்று வரும் நாளை வரும் என்று இழுத்தடித்துக்கொண்டே போனது. அவளுக்குச் சிங்களம் தெரியாது. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி. அந்த அந்நிய நகரத்தில் அம்மா சோற்றுக்குக் கடை கடையாக அலைகிறாள் என்று கேட்டு, லோஜினி பதறிப்போய் லொட்ஜுக்குப் போன் எடுத்தாள்.

மறுமுனையில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "லொட்ஜில அடுப்பு மூட்ட விடமாட்டாங்கள். அப்ப காத்தைக் குடிக்கிறதோ? தெரியாத ஊருக்கு வந்தால் நல்ல சாப்பாட்டுக் கடையை நாங்கள்தான் தேடிப் பிடிக்கோணும். பேர்ப்பலகையைப் பாத்துக் கடைக்குள்ள ஏறக்கூடாது பிள்ளை. முதலாளி தன்ர மத்தியானச் சோத்தை எங்க சாப்பிடுறான் எண்டு பார். அவனுக்கு வீட்டிலயிருந்து சாப்பாட்டுக் கரியர் வருதெண்டால், அந்தக் கடைப்பக்கம் தலைவச்சும் படுக்காதை!"

தன்னைத் தேற்றத்தான் அம்மா பகிடி விடுகிறாள் என்று லோஜினி நினைத்தாள். இப்போது இந்த வெறுங்கூடத்தைப் பார்க்க அது உறுதியாகிவிட்டது. சித்தி எழுந்து போய்விட்டால் அம்மாவுக்கு மிச்சம் அவளும் பெரியதம்பியும்தான். வாழ்ந்த ஊரில் இறந்திருந்தால் ஒழுங்கை கொள்ளாமல் சனம் நின்றிருக்கும். அம்மா நாதியில்லாதவள் மாதிரிப் போகக்கூடாது. அது ஒன்றுதான் லோஜினியின் வேண்டுதலாக இருந்தது. அதுவும் கைவிட்டுப் போகிறது. ஆளில்லாத கூடத்தில் அம்மாவைக் காட்சிப்பொருளாகக் கிடத்துவதைவிட, சட்டென்று முடிப்பது மேல்.

குருக்களிடம் போனாள். "தொடங்குங்கோ ஐயா. இனி ஒருத்தரும் வராயினம்."

வாசலிலிருந்து பெரியதம்பி ஓடிவந்தான். "அக்கா, அவசரப்படாதையுங்கோ! மத்தியானத்தில அவை எப்பிடி வாறது? அவை சாப்பிடுற ஆக்களில்லை. சமைக்கிற ஆக்கள்."

அவள் விழித்தாள். அவன் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. அதற்குள் வாசலில் முச்சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

முதலில் இறங்கியவன் இருளப்பன். கொழும்பின் காலி வீதியில் ஒரு சைவக்கடையின் தலைமைச் சமையல்காரன்; அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அவசரமாகக் குளித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படிக் குளித்தும் மேலிலிருந்து பெருங்காய வாசம் போகவில்லை. அவன் பின்னால் பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள். கடலோர ஒழுங்கையில் அப்பம் சுட்டு விற்கும் சிங்களப் பெண் சோமா வெள்ளைச் சேலையில் வந்தாள். லொட்ஜில் விசாவுக்குக் காத்திருக்கும் சனம் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கியது. கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மக்கீன் வெள்ளைத் தொப்பியோடு மூச்சு வாங்க வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க மகள். செக்பொயின்ட்ல மறிச்சிட்டாங்க" என்றார்.

பெரியதம்பி மடித்த நாற்காலிகளை விரிக்கத் தொடங்கினான். லோஜினியும் விரித்தாள். விரித்தது போதவில்லை, வந்தவர்களில் பாதிப்பேர் சுவரோடு நின்றார்கள்.

இருளப்பன் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு லோஜினியிடம் வந்தான். "மொத நாளு வந்து சாப்புட்டாங்கம்மா. கை கழுவிட்டு நேரா குசினிக்குள்ளயே வந்துட்டாங்க. சாம்பார் வச்சது யாருன்னாங்க. நான்தான்னேன். 'ஏன்ரா புளியை இப்பிடி ஊத்தினனீ, ஆரோடயும் கோவமோ'ன்னு கேட்டாங்க. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அன்னைக்கு என் சம்சாரத்தோட சண்ட புடிச்சுட்டுத்தான் வந்திருந்தேன். எப்படித்தான் கண்டுபுடிச்சாங்களோ!"

செத்தவீட்டில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. சித்தி முகத்தைச் சுளித்தாள்.

"எங்கட கடைக்குத் தேங்கா ரொட்டி சாப்பிட பஸ் ஏறி வருவாங்க" என்றார் மக்கீன். "கட்ட சம்பலுக்கு மாசிக் கருவாடு போடக்கூடாது. எனக்கிண்டு ஒரு சட்டியத் தனியா வையிண்டு செல்லிட்டாங்க. வெச்சேன். அந்தச் சட்டிக்கு இண்டைக்கு வரைக்கும் ஒரு துண்டு மாசி காட்டல்ல. புதுசா வந்த சனத்தையும் கூட்டிக்கொண்டு வருவாங்க. ஊர் தெரியாம, பாஷை தெரியாம, பயந்துபோன சனம். 'இவன்ர கடையில நம்பிச் சாப்பிடுங்கோ' எண்டு என்ட முன்னுக்கே செல்லுவாங்க. எத்தனையோ பேர் வந்து சாப்பிட்டாங்க. ஆனா மகள், அந்த ஒரு சொல்லு மாதிரி எனக்கு ஒண்டும் கெடைக்கல்ல."

"லொட்ஜுக்கு வாற சனம் முதல் என்னட்டச் சாவி வாங்கும்" என்றான் பெரியதம்பி. "அடுத்தது நேர மாமியின்ர அறைக்கதவைத் தட்டும். எங்க சாப்பிடலாம் எண்டு கேக்க."

லோஜினிக்கு நெஞ்சு விம்மியது. அழுகைதான் வருகிறது என்று நினைத்தாள். அழுகை இல்லை, பெருமை. அடி அம்மா! விசா கிடைக்காமல் ஒரு அறையில் முடங்கிக் கிடந்தாய் என்றல்லவா நான் உருகினேன்! நீ இந்த ஊரையே உன் அடுக்களை ஆக்கி வைத்திருக்கிறாய். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி நின்றாள்.

கிரியை நடந்தது. "உரித்துக்காரர் வாங்கோ, வாய்க்கரிசி போட" என்று குருக்கள் கூப்பிட்டார்.

லோஜினி போட்டாள். சித்தி போட்டாள். பெரியதம்பி போட்டான். பிறகு யாரும் அசையவில்லை. வந்த சனமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, தங்களுக்கு அங்கே வேலையில்லை என்பதுபோல நின்றது. குருக்கள் தட்டை நகர்த்தக் கை நீட்டினார்.

"பொறுங்கோ ஐயா" என்றாள் லோஜினி. "உரித்துக்காரர் இன்னும் இருக்கினம்."

சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆரடி? இவையோ? கடைக்காரரெல்லாம் வாய்க்கரிசி போடுறதோ? ஊரில கேள்விப்பட்டால் காறித் துப்பாதுகளே!"

"மூண்டு வருசமா அம்மாவுக்குச் சோறு போட்டது ஆர் சித்தி? நானோ? நீங்களோ?"

சித்தியின் பிடி தளர்ந்தது. குருக்கள் தட்டுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "பிள்ளை சொல்லுறது சரிதான். வரட்டும்" என்றார்.

மக்கீன் முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார். "மகள், எங்கட மார்க்கத்தில இது இல்ல. குறை நெனைக்காதீங்க. தட்ட நான் புடிச்சிக்கொண்டு நிக்கிறேன்."

அவர் தட்டைத் தாங்கிக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். சோமா அரிசியை நெற்றியில் ஒற்றி, அம்மாவின் உதட்டில் வைத்து, 'சாப்பிடுங்கோ அம்மா' என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். லொட்ஜுச் சனம் போட்டது. பாத்திரம் கழுவுகிறவர்கள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டார்கள்.

கடைசியாக இருளப்பன் வந்தான். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினான். ஆனால் போடவில்லை. உள்ளங்கையை விரித்து, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மற்றக் கைவிரலால் அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பின்னால் சனம் நின்றது. குருக்களும் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் அவசரப்படவில்லை. உமி போகாத நெல் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டான். ஒரு கறுப்புக் கல்லையும் பொறுக்கினான். இன்னொருமுறை பார்த்தான்.

பிறகுதான் குனிந்தான்.