கடைசிப் பெயர்

கார்டு காலாவதியான மறுநாள் காலை, தொடரில் வருகிறவர்கள் மூன்று பேரும் செல்லாத்தாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். திருப்பூரில் அந்தத் தெருவுக்கு அது புதிதல்ல. டிவியில் தொடர் காட்டுகிறவர்களுக்கு மாதச் சந்தா போய்ச் சேராவிட்டால், பாதியில் நின்ற தொடரின் ஆட்கள் சந்தாக்காரர் வீட்டுக்கு வந்து தங்கிக்கொள்வார்கள். புதுக் கார்டின் விவரத்தைப் பதிந்ததும் திரும்பிப் போவார்கள். நடுவில் அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

வந்தவர்களில் மூத்தவர் நீதிபதி. தீர்ப்பைச் சொல்ல வாயெடுத்து “ஆகவே” என்றபோது சந்தா நின்றுவிட்டதால், அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அடுத்தவள் யாழினி. தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்காகக் கோர்ட்டு ஏறியவள். மூன்றாவது ஆள் யாழினியின் மாமியார். பத்திரம் குடும்பத்துப் பெயரில் இருப்பதால் வீடு தனக்கே என்பது அவர் கட்சி. யாழினியை நோக்கி விரலை நீட்டிய நிலையில் நின்றுபோனவர் என்பதால் விரலை மடக்க முடியவில்லை. யாழினிதான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள்.

செல்லாத்தாள் மூவருக்கும் வாழை இலை போட்டுத்தான் பரிமாறினாள். கோடி வீட்டில் போன மாதம் இப்படித்தான் ஒரு வெள்ளைக்காரத் தொடரின் படைவீரர்கள் குதிரைகளோடு வந்து நின்றார்கள். அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாள் தெருக்குழாய்த் தண்ணீரையே காட்டி அனுப்பினார். தெருவே காறித் துப்பாத குறை. செல்லாத்தாள் அப்படிப்பட்டவள் அல்ல. அவள் வீட்டில் சட்னி இரண்டு வகை இருந்தது. நீதிபதியிடம் இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டாள். அவர் “ஆகவே” என்றார். போட்டாள்.

இத்தனை நாளும் சந்தா அவள் கணவர் பழனிசாமியின் கார்டில் ஓடியது. அந்தக் கார்டுக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது. வங்கியில் வேறு கார்டு கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னார். செல்லாத்தாள் வேண்டாம் என்றாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து இடுப்பு தேய்ந்தவள் அவள். இந்த வருஷம்தான் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை விட்டு பேங்க்கில் போட ஆரம்பித்திருந்தார்கள். கூடவே அவள் பெயர் அச்சடித்த ஒரு கார்டும் வந்தது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, தினமும் ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார்டில்தான் இனி இந்த வீட்டில் தொடர் ஓடும் என்று முடிவு செய்துவிட்டாள்.

அதில் வெறும் வீம்பு மட்டும் இல்லை. யாருடைய கார்டில் சந்தா ஓடுகிறதோ, அவர் இருக்கும் பக்கம் திரும்பித்தான் தொடரில் வருகிறவர்கள் பேசுவார்கள். முறுக்குக் கடைக்காரர் வீட்டில் ஈரோட்டு மச்சினன் கார்டில் பார்க்கிறார்கள். முக்கியமான கட்டம் வந்தால் எல்லோரும் ஈரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தக் கதாநாயகிக்கு மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. செல்லாத்தாள் வீட்டில் பழனிசாமி இரவு ஷிப்டுக்குப் போகும் நாட்களில் எல்லோரும் கம்பெனிப் பக்கம் திரும்பி நின்று அழுதார்கள். யாழினியின் முதுகைப் பார்த்தே செல்லாத்தாள் பாதி வழக்கைப் பார்த்தவள். தீர்ப்பையாவது முகத்தோடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

பழனிசாமியின் தம்பி மனைவி சுகந்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் வீட்டில் சந்தா ஒரு நாளும் நின்றது கிடையாது, அதனால் அங்கே யாரும் வந்து தங்கியதும் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். விருந்தாளிகளைப் பார்க்க வந்தவள், நீதிபதியின் அங்கியைத் தொட்டுத் துணி பார்த்துவிட்டு, அடுக்களைக்கு வந்தாள்.

“எதுக்குங்க்கா சீப்படறீங்க? எங்கூட்டுக் கார்டு நம்பரத் தர்றேன், போட்டுக்கங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “உங்க பேருலயே இருக்குதில்லீங்களா. செல்லாத தாளு எப்படீங்க்கா செல்லும்?”

ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருஷத்தில் பிறந்த கேலி அது. கம்பெனியில் கட்டிங் மாஸ்டரில் இருந்து டீ கொண்டுவருகிற ஆள் வரை எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்து முடித்தாகிவிட்டது. நோட்டு மாறி எத்தனையோ காலம் ஆகியும் கேலி மட்டும் மாறவில்லை. செல்லாத்தாளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

“செல்லும் சுகந்தி. உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ” என்றாள்.

டிவிக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்து ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். கார்டு எண் சரியாகப் போயிற்று. பெயர் என்ற இடத்தில் செல்லாத்தாள் என்று போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. கடைசிப் பெயர் என்று எழுதி, பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அது நிரம்பாமல் மேலே போக முடியாது.

அந்தத் தெருவில் எவருக்கும் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான். கார்டில் செல்லாத்தாளுக்கு முன்னால் ‘பி’ என்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தாள். ஓரெழுத்துப் பெயரை ஏற்பதில்லை, விரித்து எழுதவும் என்று டிவி மரியாதையாகச் சொன்னது.

அங்கேதான் சிக்கல். செல்லாத்தாளின் அப்பா பொன்னுசாமி. கணவர் பழனிசாமி. இரண்டு பேருக்கும் பி. கல்யாணம் ஆனபோது மற்ற பெண்கள் எல்லாம் எழுத்தை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். தனக்கு மாற்றுகிற வேலையே இல்லை என்று அவள் அப்போது பெருமைப்பட்டாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அது அப்பாவின் பி, ரேஷன் கார்டில் கணவரின் பி. பேங்க்கில் இனிஷியல் என்ன என்று கேட்டபோது பி என்றாள். யாருடைய பி என்று அவர்களும் கேட்கவில்லை.

ஓரெழுத்து கணக்கில் வராது, ஆனால் முழுப் பெயரை மூன்று முறை தவறாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு விருந்தாளிகள் அங்கே தங்கக் கூடாது. சந்தா உயிரோடு இருக்கும் பக்கத்து வீட்டுக்கு எழுந்து போக வேண்டும் என்பது விதி. பக்கத்து வீடு என்றால் சுகந்தி வீடுதான். தன் கையால் தோசை தின்றவர்கள் தெரு பார்க்க அந்தப் படி ஏறுவதைச் செல்லாத்தாளால் சகிக்க முடியாது.

முதலில் பழனிசாமி என்று போட்டாள். பொருந்தவில்லை என்றது டிவி. யாழினியின் மாமியார் எழுந்து, நீட்டிய விரலோடேயே தான் படுத்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார்.

அடுத்து பொன்னுசாமி என்று போட்டாள். அதுவும் பொருந்தவில்லை. நீதிபதி செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். யாழினி தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் விதிப்படி நடந்துகொண்டார்கள். சுகந்தி காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்த் தன் வீட்டு வாசலைக் கூட்டி, கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட ஆரம்பித்தாள்.

செல்லாத்தாள் காங்கேயத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு, உங்கள் பெயரைப் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது, என் பி உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டாள்.

“என்ற கிட்ட ஏது கண்ணு?” என்றார் பொன்னுசாமி. “கல்யாணத்தன்னைக்கே உன்னோட சேத்து அதையும் மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டேனே.”

அவள் கணவரைப் பார்த்தாள். பழனிசாமி சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்போடு யோசித்தார். அவர் பொய் சொல்கிற மனுஷன் அல்ல.

“எனக்கு பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு, அண்டா வந்துச்சு. எழுத்து எதுவும் வரலையே புள்ள. எங்கய்யன் பேரு பெரியண்ணன், நான் வெச்சிருக்கறது அவரோட பி.”

பொன்னுசாமி கொடுத்துவிட்டார், பழனிசாமிக்கு வந்து சேரவில்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அப்படியானால் நடுவில் அது யாரிடம் தங்கியது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காங்கேயத்தில் இருந்து திருப்பூருக்கு வந்த காரில் நடு சீட்டில் உட்கார்ந்து வந்தவள் அவள்தான். இத்தனை வருஷம் அதைத் தானே வைத்துக்கொண்டு அப்பாவிடமும் கணவரிடமும் தேடியிருக்கிறோம் என்று செல்லாத்தாளுக்குத் தோன்றியது. ஆனாலும் விஷயம் கார்டு விஷயம், கேட்டுவிட்டுச் செய்வது நல்லது என்று டிவியில் போட்டிருந்த உதவி எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். கடைசிப் பெயரை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று செல்லாத்தாள் விசாரித்தாள்.

“கார்டு யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் மேடம்.”

“கார்டு என்னோடதுங்க.”

“அப்படியென்றால் அதையே பதிவு செய்யலாம் மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

வேண்டாம் என்று வைத்துவிட்டாள். நீதிபதி வாசற்படிவரை போயிருந்தார். அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தாள். முதல் பெயர் செல்லாத்தாள். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் மறுபடியும் செ, ல், லா என்று ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஓவர்லாக்கில் மணிக்கணக்காய்த் துணி ஓட்டுகிற கை அது. கடைசி எழுத்தையும் போட்டுவிட்டுச் சரி என்பதை அமுக்கினாள்.

டிவி கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு திரையில் எழுத்து வந்தது. செல்லாத்தாள் செல்லாத்தாள்: செல்லும்.

அவள் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். சுகந்தி கோலமாவுக் கையோடு வாசலில் வந்து நின்றிருந்தாள், அவளும் படித்தாள். உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். செல்லாத்தாள் கார்டைத் துடைத்துப் பார்த்தபோது, முன்னால் பி இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

விருந்தாளிகள் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். செல்லாத்தாள் யாழினிக்கும் அவள் மாமியாருக்கும் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு ரவிக்கைத் துணியும், நீதிபதிக்குக் கம்பெனியில் எடுத்த நல்ல பனியன் ஒன்றும் கொடுத்தாள். ஒவ்வொருவராகக் குனிந்து டிவிக்குள் ஏறினார்கள். நீதிபதிக்கு முழங்கால் வலி இருந்ததால் பழனிசாமி ஸ்டூல் எடுத்து வைத்தார்.

தொடர் ஓடத் தொடங்கியது. கோர்ட்டில் இருந்த எல்லோரும் நகர்ந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செல்லாத்தாள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்த சுகந்திக்கு ஆளுக்கு ஒரு காதுதான் தெரிந்தது. நீதிபதி செல்லாத்தாளை நேராகப் பார்த்து, வீடு அதைக் கட்டியவளுக்கே என்று தீர்ப்பைச் சொல்லி முடித்தார். மாமியார் விரலை மடக்கினார். யாழினிக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதைச் செல்லாத்தாள் அன்றைக்குத்தான் பார்த்தாள். முழு முகத்தோடு அழுத அந்தப் பெண்ணைப் பார்த்து அவளும் தாராளமாக அழுதாள்.

மறுநாள் காலை பழனிசாமி வேலைக்குக் கிளம்பினார். ஆணியில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டப் போனவர், அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் போட்டோவுக்குக் கீழே, நேற்றுவரை ‘பி. பழனிசாமி’ என்று இருந்த இடத்தில், ‘செ. பழனிசாமி’ என்று இருந்தது. துண்டால் ஒரு தடவை துடைத்தார். அப்படியேதான் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“புள்ள, பேனா எங்க வெச்ச? கேட்ல கையெழுத்துப் போடோணும், கொஞ்சம் பழகிக்கறேன்.”

செல்லாத்தாள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். முதல் இரண்டும் கோணலாக வந்தன. மூன்றாவது நன்றாக வந்தது. தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினார்.

“செ-வுக்கு அப்பறம் புள்ளி வெக்கோணும் மாமா” என்றாள்.

அவர் வைத்தார்.