முற்றத்தில் ஒரு முகத்துவாரம்

தொண்ணூற்று நாலாம் ஆண்டு கார்த்திகை மழை பிடித்து ஒன்பதாம் நாள், எங்கள் பாலர் பாடசாலையைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து மேற்பார்வையாளர் வருவதாகச் செய்தி வந்தது. பாராட்ட அல்ல. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்தானே, டவுன் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன என்று மேலே யாருக்கோ யோசனை. ஆரையம்பதியிலிருந்து டவுனுக்கு எத்தனை சோதனைச்சாவடி என்று அந்த மேலே உள்ளவருக்குத் தெரியுமா? எந்தத் தாய் நாலு வயதுப் பிள்ளையை அதற்குள்ளால் அனுப்புவாள்? சேர்ப்பதென்றால் மூடுவதென்றுதான் அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைய பாடத்தை நானே தெரிந்தெடுத்தேன்: மாரிகாலமும் ஒற்றுமையும். முற்றத்தில் தேங்கி நின்ற மழைத்தண்ணீர்தான் வாவி. அதன் ஓரத்தில் மணலால் கட்டிய வரம்பு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டு. மாரியில் வாவி நிரம்பினால் அந்தத் திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் பாடிக்கொண்டே சிரட்டையால் வெட்டுவார்கள், தண்ணீர் ஓடும், மேற்பார்வையாளர் கைதட்டுவார். இதுதான் என் திட்டம். இறாலுக்குப் பதிலாக முருங்கையிலையை மிதக்கவிட்டிருந்தேன்.

எப்போது வெட்டுவது என்பதில் வருடா வருடம் ஊர் இரண்டுபடும் என்பதை மறந்துபோனேன். வயல்காரருக்கு உடனே வெட்ட வேண்டும். மீன்பிடிப்பவர்களுக்கு இறால் கடலுக்குப் போய்விடுமே என்ற பயம். அந்த வருடம் முகத்துவாரத்தடியில் இராணுவம் வேறு இருந்ததால், வெட்டப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் கேட்டார்கள். பட்டியல் எழுதுவதற்கென்று கூடிய கூட்டத்தில் கதிரை பறந்தது. இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். வீடுகளில் வேறு பேச்சே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மேற்பார்வையாளர் கனகசிங்கம் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கைதட்டினேன். வயல்காரரின் மகள் கண்ணகை சிரட்டையைத் தூக்கினாள். தோணிக்காரரின் மகன் வேலன் ஓடிவந்து திட்டின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான்.

“வெட்ட வேணாம். எங்கப்பாட இறாலெல்லாம் போயிரும்.”

“எங்கட வட்டையில வயல் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்கு. எழும்புடா,” என்றாள் கண்ணகை.

பாட்டு நின்றது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் விலக்கியிருக்க வேண்டும். ஆனால் என் அப்பாவின் வயலும் அன்று அதே தண்ணீருக்குள்தான் கிடந்தது. வாய் முந்திவிட்டது.

“எழும்பு மனே. வெட்டினாத்தான் வெள்ளாமை தப்பும்.”

மேற்பார்வையாளர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். “அவன் சொல்றது சரிதானே டீச்சர்? இப்ப வெட்டினா இறால் ஒண்டும் மிஞ்சாது.”

மனிதர் வாழைச்சேனையில் பிறந்தவர், வீட்டில் எல்லோருக்கும் கடல்தொழில் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சேர் சோறு தின்பதில்லையா என்று கேட்டேன். அந்தச் சோற்றை நான் எதோடு தின்கிறேன் என்று அவர் கேட்டார். சத்தம் கூடிக்கொண்டே போனது. தலைக்கு மேலால் ஹெலிகொப்டர் ஒன்று போனது. நாங்கள் இருவரும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கண்ணகை வந்து என் சேலையை இழுத்தாள். “சண்டை புடிச்ச ஆக்கள் கையப் புடிச்சிக்கிட்டு மரத்துக்குக் கீழ இரிக்கணும் டீச்சர்.”

சட்டம் நான் போட்டதுதான்: கோபம் போகும்வரை கையை விடக் கூடாது. பெரியவர்களுக்கு விலக்கு என்று சேர்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வேலன் அதற்குள் எழுந்து, மேற்பார்வையாளரின் விரலைப் பிடித்து முருங்கைமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மரத்தடியில் கிடந்த பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கைக்குப் பதிலாக என் குடையின் ஒரு முனையை நீட்டிப் பார்த்தேன். வேலன் குடையைப் பறித்துக்கொண்டான். என் புருஷன்கூட வெளியில் வைத்து என் கையைப் பிடித்ததில்லை. கனகசிங்கம் தன் வலது கையால் என் இடது கையை, முள்ளுக் கெளிற்று மீனைப் பிடிப்பதுபோல், நுனியில் பிடித்தார். மரத்திலிருந்து தண்ணீர் எங்கள் தலையில் சொட்டியது.

பிள்ளைகள் எங்களை மறந்துவிட்டார்கள். வேலனே திட்டை வெட்டினான். கண்ணகை வெட்டுவாயில் குந்தி, இரண்டு கைவிரல்களையும் விரித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். தண்ணீர் ஓடியது, இலைகள் விரல்களில் தங்கின. பிறகு ஆள் மாற்றி விரல் வைத்தார்கள்.

“முகத்துவாரத்துக்கு இப்பிடி அடைச்சு வலை கட்ட ஏலா,” என்றார் கனகசிங்கம் மெதுவாக.

“ஓம் சேர். ஒரு நாளும் ஏலா.”

நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. என் வாயாலேயே பள்ளியை மூடிவிட்டேனே.

சோதனைச்சாவடியில் சனம் கூடுவதற்கு முன் போக வேண்டும் என்று அவர் வேலனிடம் அனுமதி கேட்டார். டீச்சருக்கு இன்னும் கோபம் போகவில்லை என்றான் அவன். அவர் பெருமூச்சு விட்டு, படிவத்தை முழங்காலில் வைத்து இடது கையால் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். பாடசாலை தொடரலாமா என்ற இடத்தில், கோணல் எழுத்தில், ஓம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் ஒற்றுமையைக் கற்றுள்ளனரா? ஓம். ஆசிரியரைப் பற்றிய இடத்தில் பேனா நின்றது. என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதினார்: கற்று வருகிறார்.

மேற்பார்வையாளரைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. என் வலது கை சும்மாதான் இருந்தது.