பொன்னாடை போர்த்தப் போன நாள்

என் வீட்டுக்காரர் திருமுருகனுக்குக் கட்சி என்றால் உயிர். தொண்ணூற்றெட்டுத் தேர்தலுக்கு டெல்லித் தலைவர் இன்னும் இரண்டு நாளில் அரியலூர் வருகிறார், அரும்பாவூர் கிளைச் செயலாளரான இவரும் மேடையேறிப் பொன்னாடை போர்த்தலாம் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், போர்த்தி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று விரதம் எடுத்துவிட்டார்.

அவருக்குத் தைராய்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்துச் சுரப்பியைத் தாக்குகிறது, அது தறிகெட்டுச் சுரக்கிறது என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். கண் பிதுங்கும், கை நடுங்கும். மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

"மாத்திரையவாவது முழுங்குங்க."

"தண்ணி இல்லாம எப்புடி முழுங்கறது? வெரதம்னா வெரதந்தான் மலரு."

புத்தி கெட்ட மனுஷன். கூடவே போனேன்.

மேடையில் பொன்னாடையை விரித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. துணிக்கு அடியில் கை வெடவெடத்தது. கண் தலைவர்மேல் குத்திட்டு நின்றது. பாதுகாப்புக்காரன் ஒருவன் சந்தேகப்பட்டு அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கீழே நின்ற எனக்கே கேட்டது.

"கத்தி வச்சிருக்கான்டா" என்றான் எவனோ. போதாதா? எங்கள் வீட்டில் கை நனைத்த ஒன்றியச் செயலாளர் நல்லுசாமிதான் முதலில் மிதித்தான். பிறகு கொடிக்கம்புகள் இறங்கின. பல்லும் ரத்தமுமாகக் கொட்டியது. சொந்தக் கட்சிக்காரர்களே மாற்றி மாற்றி வயிற்றில் உதைத்தார்கள்.

நான் மேடையேறி உள்ளே புகுந்தேன். நெரிசலில் தலைவரின் கூலிங் கிளாஸ் கழன்று விழுந்தது. பிதுங்கிய கண்கள். தினமும் வீட்டில் பார்க்கிற கண் எனக்குத் தெரியாதா? மைக்கைப் பிடித்த விரல்களும் நடுங்கின.

"ஐயா, ஒங்களுக்கும் இதே வியாதிதானே. விடச் சொல்லுங்க" என்று கும்பிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணைக் காட்டி, கீழே கிடந்தவர் கண்ணையும் காட்டினேன். புரிந்துவிட்டது, முகம் வெளுத்தது. ஒரு கையை உயர்த்தினால் போதும், அத்தனை பேரும் நின்றிருப்பார்கள். எதிரே பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு இருந்தார்கள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார். அடி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கிழிந்த உதட்டால் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தலைவரு என்னையப் பாத்தாரா மலரு?"

"பாத்தாருங்க. நல்லாவே பாத்தாரு."

சிரித்தார். பல் இருந்த இடமெல்லாம் ரத்தம். அந்தச் சந்தோஷத்தோடேயே போய்ச் சேர்ந்தார், பாவி மனுஷன்.