மூச்சு விடும் எஞ்சின்

எஞ்சின் விஷயத்தில் தான் சொல்வதே டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழருக்குத் தீர்ப்பு என்று நித்தியானந்தன் நம்பினார். 1986இல் தன் பழைய காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, காற்று உள்ளே போகும் வழிகளை அரத்தால் அகலமாக்கினார். பிறகு குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பழப்புளி போட்டு மினுக்கினார்.

“எஞ்சினுக்கு மூச்சுத்தான் முக்கியம். இனிப் பறக்கும்” என்று சொல்லி, கல்யாண மாப்பிள்ளை சிவபாலனை வைலே நகர மண்டபத்துக்குத் தானே ஏற்றிப்போவதாக வாக்கும் கொடுத்தார்.

கல்யாண நாளில் நெடுஞ்சாலையில் கார் பறந்தது உண்மைதான். வைலே ஏற்றத்தில் ஒரு லொறியின் பின்னால் மெல்லப் போகவேண்டி வந்ததும், அகலமான வழியில் காற்று வேகமில்லாமல் ஆறுதலாக உலாவத் தொடங்கியது. கார் இருமி நின்றது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“காத்து நல்லாத்தான் போகுது. கார்தான் போகேல்லை” என்றார் பின்சீட்டிலிருந்த மனைவி சரோஜினிதேவி.

“அது காத்தின்ர வேகம்...” என்று தொடங்கினார் நித்தியானந்தன்.

“அண்ணை, பேந்து விளங்கப்படுத்துங்கோ. இப்பத் தள்ளுங்கோ” என்று மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்.

சரோஜினிதேவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, இருவரும் உச்சிவரை தள்ளினார்கள். மறுபக்கம் இறக்கம். எஞ்சின் உதவியில்லாமலே கார் உருண்டு, முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்தை அடைந்தது.

“பறந்தே வந்தனீங்கள், அண்ணை?” என்று வாசலில் கேட்டார்கள்.

பதில் சொல்ல நித்தியானந்தனிடம் மூச்சு இருக்கவில்லை. ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.