கொய்யா மரத்தில் தொங்கிய ரிலீவர்

ருக்குமணி வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கினால் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் கொடியில் காயும் துணியை ஓடிவந்து எடுப்பார்கள், அந்த இரைச்சலை மழைக்காற்று என்று நினைத்து. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர் விட்டுப்போன பெட்டி அது. மானிட்டரை உள்ளே கொண்டுவர வாசக்காலைக் கழற்ற வேண்டியிருந்தது. திரும்ப மாட்டும்போது அளந்தார்கள், வீடு அரை அடி அகன்றிருந்தது.

அந்தப் பெட்டி ஒரு புதன்கிழமை காலையில் திரையெல்லாம் நீலமாகி நின்றுவிட்டது. கொழுந்தன் பன்னீர்செல்வம் கல்யாண வீடியோ காட்டுகிறேன் என்று செருகிய பென்டிரைவில் வைரஸ் இருந்திருக்கிறது.

உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பார்கள். அதன்படி பார்த்தால் எல்லோரும் போன வருஷம்தான் வேலைக்கு வந்தவர்கள். பதினெட்டு வருஷமாக டவுன்ஷிப் பிளாக்குகளில் புல் வெட்டும் ருக்குமணிக்கு அது பொறுக்கவில்லை. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்டு நோட்டில் எழுதினாள். பிறகு நான்கு மாதம் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் அடித்தாள். அந்த விரல் மற்ற விரல்களைவிட நெல்லளவு நீண்டுவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். ‘தானே’ புயல் கூரையையும் நோட்டையும் ஒன்றாகக் கொண்டுபோனது. பெட்டி தப்பியதற்குக் காரணம், அதைப் பாயில் சுற்றி அதன்மேல் அவள் கணவன் கலியன் ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததுதான்.

பழைய வருஷங்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த மனு மீது வருகிற திங்கட்கிழமை லேபர் ஆபீசர் முன்னால் விசாரணை. பட்டியல் இல்லையென்றால் பதினெட்டு வருஷமும் இல்லை.

வடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம் பெட்டியை ஒரு பார்வை பார்த்தான். “ஃபார்மேட் அடிச்சிடலாம்க்கா. பிரஷ்ஷா ஆயிடும்.”

“உள்ளருக்கிற பேருங்க?”

“அதெல்லாம் போயிடும். புது விண்டோஸ் போட்டாதான் ஓடும். ஒரு பொட்டிக்கு விண்டோஸ் ஒண்ணுதாங்க்கா.”

“எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல கரி ஓடற பெல்ட்டுகிட்ட நிக்கிறாரு. அவருக்குக் காய்ச்சல்னா பதிலாளு, ரிலீவர் வருவாரு. அதுக்காக பெல்ட்டைப் பேத்துப் போட்டுட்டு பிரஷ்ஷா ஒண்ணு மாட்ட மாட்டாங்க.”

“இது கம்ப்யூட்டர்க்கா.”

“கெடக்கட்டும். பெல்ட்டைவிடப் பெருசா இன்னா?”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினாள். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிற்காமல் இருக்கிறவன் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது சுரங்கத்து வழக்கம். ஒருமுறை ரிலீவர் வராமல் கலியன் நின்றுகொண்டே இருந்ததில் அவன் சட்டைப்பையில் குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சும் பறந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் ‘ஒண்ணுதான்’ என்ற பேச்சு எடுபடாது.

தெருமுனையில் துரைராஜ் பைக்கை நிறுத்தினான். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். “பொட்டி போயிடுச்சாமே, ருக்குமணி?”

“படுத்துக்கினு இருக்கு.”

“திங்கக்கிழமை வெறுங்கையோட அவ்ளோ தூரம் வராத. வெயிலு.”

“கொடை கொண்டாறேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் கொய்யா மரத்தைப் பார்த்ததும் நின்றாள். போன வருஷம் டவுன்ஷிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு கடையில் சிடி ஒன்றை இனாமாகக் கொடுத்து, கம்ப்யூட்டரை ஓட்ட இது போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஓடுகிற கம்ப்யூட்டருக்கு அது எதற்கு என்று கிளி விரட்ட மரத்தில் கட்டிவிட்டாள். முதல் வாரம் கிளிகள் பயந்தன. இரண்டாம் வாரம் வரிசையில் நின்று முகம் பார்த்துக்கொண்டன. மூன்றாம் வாரம் பண்ருட்டிப் பக்கத்துக் கிளிகளும் வந்தன.

சிடியை அவிழ்த்தாள். அதில் எழுதியிருந்த போன் நம்பரில் கடைசி எண் மழையில் அழிந்திருந்தது. பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். நான்காவது நம்பரில் விருத்தாசலத்துக்காரர் ஒருவர் தன் மூட்டுவலியை அரைமணி நேரம் சொன்னார். ஏழாவதில் நந்தினி கிடைத்தாள். பண்ருட்டி முந்திரிக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், கண்காட்சியில் சிடி கொடுத்ததும் அவள்தான்.

“அது லினக்ஸ்க்கா. விண்டோஸ் மாதிரி அதுவும் ஒரு சிஸ்டம். அதை அழிக்காம பக்கத்துலயே இதைக் குடிவெக்கலாம். டிஸ்க்கு ஒண்ணு, வூடு ரெண்டு. புது வூட்டுலேருந்து பழைய வூட்டுக்குள்ள போயி ஃபைலை எடுத்துக்கலாம். சிடி நல்லா இருக்கா?”

“கிளி கொஞ்சம் அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு.”

“சோப்பு போட்டுக் கழுவுங்க. நடுவுலேருந்து வெளிப்பக்கமா தொடைங்க.”

ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊர்தான். ஆனால் டவுன்ஷிப் காம்பவுண்டுக்கு வெளியே இரண்டு மணிநேரம் கரண்ட் இருந்தால் இரண்டு மணிநேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் ருக்குமணி சிடியைப் போட்டாள். நந்தினியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் வைத்துத் திரையை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

“மொத வரியில இ, ஆர், ஏ, எஸ், இ.”

“அதைத் தொடாதீங்க. தொட்டா மொத்தமும் அழிஞ்சிடும்.”

ருக்குமணி நீண்ட விரலை இடது கையால் பிடித்துக்கொண்டாள். “இதைக் கூடவா மொத வரியில வெப்பாங்க?”

“ரெண்டாவது வரிதான் நமக்கு. பக்கத்துல வெக்கிறது. அடுத்து ஒரு கோடு வரும், ரெண்டுக்கும் எவ்ளோ எடம்னு நீங்கதான் இழுத்து வுடணும்.”

“பழையவனுக்குக் கூடுதலா வுடறேன். ஆளுங்க அவன்கிட்டதான் இருக்காங்க.”

பன்னிரண்டு மணிக்கும் வேலை முடியவில்லை. கலியன் மெயின் சுவிட்சுக்கு நேரே நின்று அதை முறைத்தான். அன்று பன்னிரண்டே காலுக்குத்தான் கரண்ட் போனது, சரியாக வேலை முடிந்த பிறகு. அதற்கு வேறு காரணம் சொன்ன ஒருவரையும் அவன் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு பேர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, யார் வேலைக்குப் போவது என்று கேட்டன. புதியவனை அனுப்பினாள். அவன் வழியாகப் பழைய வீட்டுக்குள் போய் ஃபைலைத் திறந்தாள். பேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

“நந்தினி, இருநூத்திப் பன்னண்டு பேரும் வெள்ளக்காரனாயிட்டாங்க,” என்றாள்.

“பயப்படாதீங்க்கா. நீங்க அடிச்சது பழைய தமிழ் ஃபான்ட். அந்த எழுத்து புது வூட்டுல இல்ல. பழைய வூட்டுல ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுலேருந்து எடுத்தாந்து வைங்க.”

காய்ச்சல்காரன் வீட்டில் அவனை எழுப்பாமல் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் எடுக்கிற மாதிரி எடுத்துவந்தாள். ஃபைலை மூடித் திறந்தாள். முதல் வரியில் வைத்திலிங்கம் தமிழில் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ருக்குமணி ஒருவர் விடாமல் எண்ணினாள்.

பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றே சிவப்பிரகாசம் கடைக்குப் போனாள். அவன் கதையைக் கேட்டுவிட்டு, “இனிமே அந்தப் பழைய விண்டோஸை அழிச்சிடுங்களேன்க்கா. சும்மா எடத்த அடைச்சிக்கினு,” என்றான்.

“மெடிக்கல் லீவுல இருக்குறவன் பேரை ரிஜிஸ்டர்லேருந்து அடிச்சிட மாட்டாங்க, தம்பி. நீ பிரிண்டைப் போடு.”

திங்கட்கிழமை ருக்குமணி குடையோடு போனாள். லேபர் ஆபீசர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தினார். எதிரில் கான்ட்ராக்டருக்காக வந்திருந்த துரைராஜுக்கும் ஒரு பிரதி கொடுக்கப்பட்டது.

“கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னாங்களே,” என்றான்.

“ஒருத்தன் படுத்தான். ரிலீவர் வந்துட்டான்.”

“இதெல்லாம் இவங்களா எழுதிக்கினதுங்க, சார். எல்லாரும் போன வருஷம் சேந்தவங்க,” என்று சொல்லிக்கொண்டே துரைராஜ் பக்கத்தைத் திருப்பினான். எண்பத்தெட்டாவது வரியில் அவன் விரல் நின்றது. ‘துரைராஜ், ஜூன் 1997.’ சூப்பர்வைசரென்றாலும் அவனும் கான்ட்ராக்ட்தான். அவன் கேட் பாஸும் போன வருஷத்துதான்.

“என்னைக் கேக்கவே இல்லியே நீ,” என்றான் மெதுவாக.

“கேட்டா சொல்லியிருப்பியா? உன் தங்கச்சி காந்திமதியக் கேட்டேன்.”

“உங்க தரப்புல என்ன சொல்றீங்க?” என்றார் ஆபீசர்.

துரைராஜ் விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல் ஆபீசர் பக்கம் திரும்பினான்.

“தேதி தப்புங்க, சார். ஜூன் இல்ல, மார்ச். செவராத்திரிக்கு மறுநாளு. தங்கச்சிக்கு ஞாபகம் இருக்காது, அப்ப சின்னப் பொண்ணு.”

ருக்குமணி பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் வைத்தாள்.

“நீயே திருத்து. பக்கத்துல கையெழுத்தும் போடு. அழிக்காத, மேலயே எழுது. எடம் இருக்கு.”