கண்மாய்க்கரை வழி

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துத் திரும்பியவர்கள் ஈர வேட்டியோடு நிற்கையில், ஆட்டோவிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியின் மேல் மாரீஸ்வரன் ஏறி உட்கார்ந்துகொண்டான். பெட்டி நிறையச் சரவெடி. இறந்துபோன சோலைராஜின் அண்ணன் தவசி சிவகாசியிலிருந்து கொண்டுவந்தது.

"ஏலே மாரி, எந்திரி. தூக்கப் போறாக."

"வெடி வேண்டாம் பெரியத்தான். கண்மாய்க்கரை வழியாத்தான போறோம். நாரை குஞ்சு பொரிச்சிருக்கு."

"எந்தம்பி செத்துக் கெடக்கான். நீ நாரைக்கு வக்காலத்து வாங்குதியா?"

"அத்தான் வாங்குன வக்காலத்துதான் அது. நான் என்ன, கூடப் போனவன்."

சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சர். மாரீஸ்வரனின் அக்கா காளீஸ்வரியைக் கட்டியவர். ஞாயிறானால் அவர் அத்தான் இல்லை, கூட்டாளி. இருவருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர். யார் முதலில் பார்ப்பது என்று விடியலிலேயே சண்டை தொடங்கிவிடும். ஒரு பங்குனிப் பொங்கலில் வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு நாரைகள் ஒட்டுமொத்தமாக எழும்ப, கூட்டிலிருந்த குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. மறுநாள் இருவரும், வெடி வேண்டாமென்று கேட்டுக் கரையோரத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அதற்குப் பிறகு அங்கே கல்யாணத்துக்குக்கூட யாரும் வெடி போடுவதில்லை. 'நாரைக்காரர்' என்று ஊர் கேலியாக வைத்த பெயரை, ஏதோ பட்டம் கிடைத்ததுபோல வாங்கிக்கொண்டார் சோலைராஜ்.

"வெடியில்லாமப் போனா அநாதப் பொணம்பானுக. அவன் எம்புட்டுப் பெரிய மனுசன்லே!" தவசியின் குரல் உடைந்தது.

மாரீஸ்வரன் நெஞ்சில் இருந்ததும் அதேதான்.

வாசலுக்கு வந்தாள் காளீஸ்வரி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சான், அவிய உசுரோட இருக்கையில கரையில வெடிச்சிருப்பியளா?"

தவசி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எந்திரிலே. பெட்டிய ஆட்டோவுல ஏத்து."

தெரு முடியும்வரை மேளம் முழங்கியது. கரை ஏறியதும் தவசி திரும்பிக் கையைக் காட்ட, அதுவும் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும்.

டீக்கடை பெஞ்சில் ஒருவர் கேட்டார், "யாரு போறது? சத்தத்தையே காணோம்?"

"சத்தமில்லன்னா வேற யாரு? நம்ம நாரைக்காரருதான்."

கேட்டவர் எழுந்து நின்றார். கடைக்காரர் உள்ளே எட்டி டிவியை அணைத்தார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தோளில் பாடைக்கம்பு அழுத்த, மாரீஸ்வரன் நிமிர்ந்து நடந்தான்.

முன்கம்பின் மறுபக்கத்தில் தோள் மாற்றிக்கொண்ட தவசி மெதுவாகக் கேட்டார், "மாரி, குஞ்சு எதுலலே?"

கையை எடுக்க முடியாது. தாடையால் காட்டினான். தண்ணீருக்குள் நின்ற கருவேலமரத்தின் உச்சியில், உச்சிவெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது தாய் நாரை. தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தது. எழும்பவில்லை.

தவசி நடையைக் குறைத்தார். பின்னால் வந்தவர்களும் குறைத்தார்கள்.