ஆறு விதை

வெல்டர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பட்டறைக்குப் போன காலத்தில் சாப்பாட்டுத் தூக்குக்கே பூட்டுப் போட்டவர். வேலையை விட்டபின் வீட்டுக்குப் பின்னால் காசித்தும்பை வளர்த்தார். அதில் ஒரு செடி தானாகவே கறுப்புக்குப் பக்கத்து ஊதாவில் பூத்தது, இதழ் ஓரத்தில் வெள்ளைக் கோடு. அப்படி ஒன்று வேறெங்கும் இல்லை என்பது அவர் முடிவு.

மகளின் போனில் விதை மாற்றிக்கொள்கிறவர்கள் குழு ஒன்று இருந்தது. கடல் தாண்டி ஒருத்தர் படத்தைப் பார்த்துவிட்டு ஆறு விதை கேட்டார். குழுவில் இருந்த தன் படத்தில் பெரிய தொப்பியோடு நிற்பவர், அதனால் வெல்டருக்கு அவர் தொப்பிக்காரர்.

ஆறையும் தூக்கிக் கொடுத்தால் நாளைக்குத் தன் பூ என்பான். வெல்டர் உறையில் உண்மையானது ஒன்று, சாதாரணச் சிவப்பு ஐந்து போட்டு ஒட்டினார். விதையில் வித்தியாசம் தெரியாது. மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

மிச்ச விதையை யாரும் கை வைக்காத இடத்தில் ஒளித்தார். அடுத்த பருவத்துக்கு எடுத்து ஊன்றினால் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"எங்க வச்சிருந்தீங்கப்பா?" என்றாள் மகள்.

"குளியலறையில. கீசர் மேல."

"கீசர் மேலயா! விதைக்குக் குளிருதுன்னு சொல்லிச்சா?"

"திருடன் அங்க தேடமாட்டான்."

"திருடன் வந்தா டிவியத் தூக்குவான். கடுகு மாதிரி இருக்கிறதையா தூக்குவான்?"

காசித்தும்பை ஒரு பருவத்தோடு பட்டுப்போகிற சாதி. இனி அந்தப் பூ இருந்தால் தொப்பிக்காரரிடம்தான். மூன்று நாள் மென்று விழுங்கிவிட்டு, "விதை கெட்டுப்போச்சு, இருந்தா குடுங்கன்னு எழுது. வேற எதையும் எழுதாத" என்றார்.

மறுநாளே பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள்.

"ஆறுல ஒண்ணுதான் ஊதாவாம், மத்தது சிவப்பாம். என் மண்ணுதான் உங்க பூவக் கெடுத்துடுச்சு, மன்னிக்கணும்கிறார். பாத்தி மண்ண மொத்தமா அள்ளிக் கொட்டிட்டு இடுப்புப் பிடிச்சுப் படுத்துட்டாராம். அந்த ஒத்தச் செடியில எடுத்த விதைய ரெண்டு நாள்ல அனுப்புறாராம். அடுத்த வாரம் ரெண்டாவது பாத்தியையும் அள்ளப் போறாராம்."

"மண்ணையா அள்ளினான்? கிறுக்கன்!" வெல்டர் எழுந்து பின்வாசல் வரை போய்த் திரும்பினார். விதை இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. வாயைத் திறந்தால் போயே போச்சு. இன்னொரு தரம் போய்த் திரும்பினார்.

"எழுது. மண்ணு மேல தப்பு இல்ல. அஞ்சு சிவப்பும் நான் போட்டது."

மகள் அவரையே பார்த்தாள். "இத எழுதினா விதை வராதுப்பா."

"வரலைன்னா போகுது. அந்த ஆளு மறுபடி மண்வெட்டியத் தூக்குறதுக்குள்ள அனுப்பு."

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் தபாலில் ஓர் உறை. உள்ளே ஆறே ஆறு விதை, ஒரு துண்டுச் சீட்டு. மகள் படித்தாள்: "இதில் உங்கள் பூ எத்தனை என்று பூத்தபின் பார்த்துக்கொள்ளுங்கள்."

ஆறு தொட்டியில் ஊன்றினார். காலையில் பல் தேய்க்கும் முன்னால் அங்கேதான் நிற்பார். இரண்டு மாதத்தில் பூத்தது. ஐந்து தொட்டியில் கறுப்பூதா, வெள்ளைக் கோடு. ஆறாவதில் பளீரென்று சிவப்பு.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாப் பழி வாங்கிட்டாருப்பா உங்கள!"

"ஒண்ணுதான போட்டாரு," என்றார் வெல்டர், சிவப்புக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நான் அஞ்சு போட்டேன்."